வேகமா, மென்மையா? 'பைய' என்னும் வினையடையின் பொருள் வரலாறு

கேள்வி

'ஸ்லோலி' என்ற ஆங்கில வினையடைக்குத் தமிழ் என்ன என்று பள்ளி மாணவரைக் கேட்டால் 'மெதுவாக' என்பார். மதுரையிலும் அதைச் சுற்றிய மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலும் அதே மாணவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த இடத்தில் 'பைய' என்பார். 'பையப் போ', 'பைய வா', 'பைய எறங்கு' என்று நாளுக்குப் பலமுறை கேட்கும் சொல் இது. அகராதி வழியாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றே போலத் தெரியும். 'பைய' என்றால் 'மெல்ல', 'மெல்ல' என்றால் 'மெதுவாக', 'மெதுவாக' என்றால் 'ஸ்லோலி' எனச் சங்கிலி நீளும். ஆனால் கதவைப் 'பையத் தட்டு' என்று சொன்னால் மதுரைக்காரர் எவரும் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே நேரம் விட வேண்டும் என்று புரிந்துகொள்வதில்லை. ஓசை எழாமல், அழுத்தாமல் தட்ட வேண்டும் என்றே புரிந்துகொள்கிறார். சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணி சரியாகப் பொருந்தவில்லை.

இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இது: 'பைய' முதலில் வினையின் அழுத்தத்தை அளந்த சொல். வேகக் குறைவு என்பது அதிலிருந்து கிளைத்த பொருள். இப்பொருள் வரலாற்றை வரிசை மாற்றிப் படித்ததாலும், 'தென்மாவட்ட வட்டார வழக்கு' என்ற முத்திரை அதன் மேல் விழுந்ததாலும், குறைந்தது பதினைந்து நூற்றாண்டு எழுத்துச் சான்றுள்ள ஒரு சொல் இன்று திருத்தமற்ற பேச்சு என்று எண்ணப்படுகிறது.

வினையடை என்னும் சொல்வகை

முதலில் ஓர் இலக்கணச் சிக்கலைக் கடந்துவிடலாம். 'வினையடை' என்ற கலைச்சொல் தமிழுக்குப் புதியது. தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தார். நவீன இலக்கணம் வினையடை என்று அழைப்பவற்றுள் தவ, நனி முதலியன அங்கே உரிச்சொற்களுக்குள் அடங்கின. மெல்ல, பைய போன்றவற்றைப் பிற்கால இலக்கண ஆசிரியர்கள் குறிப்பு வினையெச்சம் என்றார்கள். 'மெல்ல வந்தான்' என்பது இன்றும் பள்ளி இலக்கண நூல்களில் அந்த எச்சத்துக்குத் தரப்படும் வாடிக்கையான எடுத்துக்காட்டு. திராவிட மொழிகளில் வினையடை எனத் தனிச் சொல்வகை கிடையாது, பெயரும் வினையும் வடிவம் மாறி அந்த வேலையைச் செய்கின்றன என்ற கருத்து மேலை மொழியியலாளரிடையே நெடுங்காலமாக உண்டு.

இதனால் நமக்கு ஆகும் பயன் ஒன்று. எச்சம் என்றால் அதற்கு ஒரு வேர் இருக்க வேண்டும். 'மெல்ல' என்பதற்கு 'மெல்' இருப்பதுபோல 'பைய' என்பதற்குப் 'பை' இருக்க வேண்டும். புணர்ச்சியும் இதற்கு ஒத்துப்போகிறது. உண்ண, காண முதலிய செயவென் எச்சங்களை அடுத்து வல்லினம் மிகுவதுபோலப் பைய என்பதை அடுத்தும் மிகும். பையப் போ, பையத் தட்டு, பையச் சொல் என்றே எழுத்திலும் கவனமான பேச்சிலும் வரும். எனவே இச்சொல்லை இடுகுறியாக எண்ணிக் கடந்துவிட முடியாது. அந்தப் 'பை' எது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

ஆங்கிலச் சொல்லின் பின்புலம்

ஒப்பீட்டுக்காக 'ஸ்லோலி' எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது தேவை. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்லாவ்' என்பது சோம்பலையும் மந்த புத்தியையும் குறித்த பெயரடை. ஓடுவதிலும் நடப்பதிலும் வேகம் குறைவு என்ற பொருள் அதற்குப் பின்னரே வந்து சேர்ந்தது. கிறித்துவ மரபு எண்ணும் ஏழு பெரும் பாவங்களுள் ஒன்றான சோம்பலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்லாத்' என்ற சொல்லும் இதே அடியிலிருந்து பிறந்தது. 'லி' என்னும் விகுதி உடல் அல்லது வடிவம் என்ற பொருளுள்ள பழஞ்சொல்லின் தேய்வு. ஆக, 'ஸ்லோலி' என்பதன் வரலாற்றுப் பொருள் ஏறத்தாழ 'சோம்பலின் வடிவில்' என்பதாகும். விகுதி இல்லாமல் 'ஸ்லோ' என்று மட்டும் சொல்லி அதை வினையடையாக ஆள்வதும் ஆங்கிலத்தில் பழைய வழக்கம். 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் இவ்வகை வழக்கைப் பிழை என்றார்கள். சாலைப் பலகைகளிலிருந்து அதை இன்றுவரை அகற்ற முடியவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, ஆங்கிலத்தில் பெயரடை முதலில் வந்தது, வினையடை அதிலிருந்து ஆக்கப்பட்டது என்பதே. மனிதரைப் பற்றிய ஒரு தீர்ப்பு முதலில் தோன்றியது. அது பின்னர் அவர் செய்யும் வினைக்கு இடம் மாறியது. தமிழில் 'பைய' என்பதற்குப் பெயரடை வடிவமே இல்லை. 'பையான ஆள்' என்றோ 'பைய ரயில்' என்றோ எவரும் சொல்வதில்லை. இந்தச் சொல்லைக் கொண்டு ஒரு செயலைச் செய்யும் விதத்தைச் சொல்லலாம், ஏவலாம். ஒருவரை மதிப்பிட முடியாது. மதுரைப் பேச்சில் ஒருவரைக் குறைசொல்ல 'ஆளு ரொம்ப ஸ்லோ' என்று ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்குவதற்கும், அதே ஆளை வண்டியில் ஏற்றிவிட்டுப் 'பையப் போயிட்டு வா' என்று அனுப்புவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை இது விளக்குகிறது. முன்னது குறை, பின்னது அக்கறை. சமன்பாடு இங்கேயே பாதி உடைந்துவிடுகிறது.

நூற்சான்றுகள்

'பைபய' என்னும் இரட்டித்த வடிவம் சங்கப் பாடல்களிலேயே உண்டு. இன்று நாம் 'பையப் பைய' என்பதன் பழைய உருவம் அது. பொருள் ஆராய்ச்சிக்கு மிகத் தெளிவான சான்று திருக்குறளின் 110ஆம் அதிகாரமான குறிப்பறிதலில் கிடைக்கிறது. அந்த அதிகாரத்தில் தலைவியின் சிரிப்பு இவ்வகை அடையோடு இருமுறை வருகிறது. 1094ஆம் குறளில் அவள் 'மெல்ல' நகுகிறாள். 1098ஆம் குறளில் 'பைய' நகுகிறாள். ஒரே ஆசிரியர், ஒரே அதிகாரம், ஒரே வினை, நான்கு குறள் இடைவெளியில் இரண்டு அடைகள். இரண்டையும் ஏறத்தாழ ஒருபொருளாக வள்ளுவர் ஆண்டார் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று தேட வேண்டியதில்லை. 1098ஆம் குறளின் 'பைய' என்பதற்குப் பரிமேலழகரும் 'மெல்ல' என்றே பொருள் கொண்டார். அது உள்ளுக்குள் நிகழும் சிரிப்பு என்றும் விளக்கினார்.

சிரிப்புக்கு வேகம் என்று ஒன்றைச் சொல்வது கடினம். ஒருத்தி வேகமாகச் சிரித்தாள், வேகக் குறைவாகச் சிரித்தாள் என்று எவரும் எழுதுவதில்லை. சிரிப்பில் கூடுவதும் குறைவதும் வெளிப்பாட்டின் அளவுதான். தலைவன் பார்க்கிறான். அவள் நெகிழ்கிறாள். பிறர் அறியாதபடி சிரிப்பு அடங்கி வருகிறது. 'பைய' இங்கே அந்த அடக்கத்தைக் குறிக்கிறது.

இரண்டாவது சான்று மதுரைக்குத் தெற்கே, இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரிலிருந்து வருகிறது. ஆண்டாள் திருப்பாவையின் இரண்டாம் பாட்டில் பாற்கடலில் பள்ளிகொண்ட பரமனைச் சொல்லும்போது துயில்தல் என்னும் வினைக்குப் 'பைய' என்பதை அடையாக்குகிறாள். சிரிப்புக்காவது நீட்டிச் சிரிப்பது என்று வலிந்து ஒரு கால அளவைக் கற்பிக்கலாம். தூக்கத்துக்கு அதுவும் ஆகாது. வேகம் குறைந்த தூக்கம் என்று ஒன்று இல்லை. வைணவ மரபு இத்துயிலை அறிதுயில் என்று விளக்கும். உலகின் குரல் கேட்கும்படியான, ஆழ்ந்து அமிழாத துயில் என்பது கருத்து. மென்மை என்ற பொருளுக்கு மட்டுமே இங்கு இடமுண்டு. பாம்பின் படத்துக்கும் 'பை' என்று பெயர் இருப்பதால் பாம்பணையை நினைவூட்டும் சிலேடையும் இதில் ஒலிக்கிறது என்று சொல்பவர்கள் இருக்கலாம். அழகான எண்ணம்தான். ஆனால் தொடரின் அமைப்பில் அச்சொல் வினையைத்தான் தழுவி நிற்கிறது.

கொன்றைவேந்தனில் வரும் 'பைய' செல்லுதல் என்னும் வினையோடு வருவதால் வேகப் பொருளுக்கு இடம் தருகிறது. உலகம் ஒருவரைத் தாங்குவது அவர் நடையின் வேகத்தைப் பார்த்தா, நடத்தையின் பணிவைப் பார்த்தா என்று கேட்டால், நீதிநூலில் பின்னதுக்கே வலிமை அதிகம். ஆனாலும் இதை உறுதியான சான்றாக எடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

ஆலவாயில் வந்த தீ

மதுரையோடு நேரடித் தொடர்புடைய சான்றுதான் மிகவும் வலுவானது. அதன் வலிமை பாட்டில் மட்டும் இல்லை; அந்தப் பாட்டின் ஒரே ஒரு வினையடைக்குப் பிற்காலக் கவிஞர் ஒருவர் எழுதிய விளக்கத்தில் இருக்கிறது.

7ஆம் நூற்றாண்டில் பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையாரும் அழைக்கத் திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்தார் என்பது சைவ மரபு. மன்னன் நெடுமாறன் அப்போது சமணம் சார்ந்திருந்தான். சம்பந்தர் தங்கிய மடத்தில் இரவில் தீ வைக்கப்பட்டது. அப்போது அவர் பாடியது மூன்றாம் திருமுறையில் உள்ள திருஆலவாய்ப் பதிகம். சமணர் கொளுவிய தீ பாண்டியனுக்கே ஆகட்டும் என்பதே பதிகம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் வேண்டுகோள். அதன் முதற்பாட்டில் மட்டும் அந்தத் தீ எப்படிச் செல்ல வேண்டும் என்பதற்கு ஓர் அடை வருகிறது. அது 'பையவே'.

ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுக்குப் பின், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் பெரிய புராணத்தில் இந்நிகழ்ச்சியைப் பாடும்போது இந்தச் சொல்லில் நிற்கிறார். தீயைத் திருப்பி அனுப்பியவர் ஏன் 'பையவே' என்றார் என்று கேட்டுக்கொண்டு ஒரு முழுப் பாட்டைக் காரணங்களுக்கே செலவிடுகிறார். தேவியின் மங்கல நாண் காக்கப்பட வேண்டும். குலச்சிறையாரின் அன்பு மதிக்கப்பட வேண்டும். அரசனிடம் குற்றம் உண்டு. அவன் மீண்டும் சிவநெறி அடைய விதி இருக்கிறது. சம்பந்தரே திருநீறு தொட்டு வெப்பு நோயை நீக்கும் பேறும் அவனுக்கு உண்டு. ஆகக் காரணங்கள் ஐந்து. தமிழ் இலக்கியத்தில் ஒரு வினையடைக்கு இத்தனை காரணம் கேட்டு ஒரு செய்யுளையே ஒதுக்கிய இடம் வேறொன்று உடனே நினைவுக்கு வரவில்லை.

இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக 'வேகக் குறைவு' என்ற பொருளோடு பொருத்திப் பார்த்தால் அவை செல்லாது. தாமதமாகச் சேர்ந்தாலும் தீ தீதான். மெதுவாகப் போய் மன்னனை எரித்துவிட்டால் தேவியின் மங்கல நாண் எப்படிக் காக்கப்படும்? மன்னன் உயிரோடு இருந்தால்தான் சிவநெறிக்குத் திரும்ப முடியும். நோயாளியாக இருந்தால்தான் திருநீற்றுத் தீண்டலுக்கு இடமுண்டு. கதையும் அப்படியே நடக்கிறது. மடத்தை எரிக்க வைத்த நெருப்பு அரண்மனையில் வெப்பு நோயாக, காய்ச்சலாக மாறுகிறது. அதன் உக்கிரம் குறைந்துவிட்டது. 'தீப்பிணி' என்று சேக்கிழார் அதற்குச் சூட்டிய பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. குற்றம் உண்டு என்ற காரணம் மட்டும் தீ ஏன் போக வேண்டும் என்பதை விளக்குகிறது. மற்ற நான்கும் அது ஏன் கொல்லக்கூடாது என்பதை விளக்குகின்றன. சேக்கிழாரின் செவியில் 'பைய' என்றது 'கொல்லாத அளவில்' என்றே ஒலித்திருக்கிறது.

இந்த வரலாற்றின் நம்பகத்தன்மை பற்றிய விவாதம் வேறு. மதுரையில் சைவ, சமணப் பூசல் எந்த அளவில் நடந்தது, சேக்கிழார் கேட்ட மரபு எவ்வளவு பிற்காலத்தது என்பன நியாயமான கேள்விகள். இப்பாடல்களில் சமணர் மீது காட்டப்படும் கசப்பு இன்றைய வாசகரை உறுத்தவும் வேண்டும். ஆனால் நாம் இங்கே தேடுவது நிகழ்ச்சி உண்மையா என்பதை அன்று. 12ஆம் நூற்றாண்டில் தமிழ் நன்கறிந்த ஒருவர் 'பைய' என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதை. அதற்குப் பெரிய புராணம் ஐயத்துக்கு இடமற்ற ஆவணம்.

வேர் எது?

'பை' என்னும் அடி தமிழில் பல பொருளில் வரும். கொள்கலமான பை, பாம்பின் படம், பசுமை ஆகியவை முதன்மையானவை. வினையடைக்கு நெருங்கி வருவது மூன்றாவது. பசுமை என்னும் பண்புப்பெயர் அடுத்த சொல்லோடு சேரும்போது முதல் அகரம் ஐகாரமாகிப் பைந்தார், பைங்கிளி, பைங்கூழ் என்றாவதை நன்னூல் விளக்குகிறது. பசுமை என்றால் நிறம் மட்டுமன்று. பச்சைக் குழந்தை, பச்சை உடம்பு, பசுந்தளிர் என்று இளமையையும் மென்மையையும் அது சேர்த்தே குறிக்கும். 'பைதல்' என்றால் சிறுபிள்ளை. நாம் எல்லோரும் வாய் நிறைய அழைக்கும் 'பையன்' என்பதையும் இந்த இளமைப் பொருளோடு இணைத்துப் பார்ப்பது வழக்கம். மெல் என்னும் அடியிலிருந்து மெல்ல வந்ததுபோல, இளமென்மை குறித்த பை என்னும் அடியிலிருந்து பைய வந்தது என்று கொள்வதில் ஒலி இடறவில்லை, பொருளும் இடறவில்லை. இது கருதுகோள்தான். நோயைக் குறிக்கும் 'பையுள்' என்ற பழஞ்சொல்லோடு இதை இணைக்கச் சிலருக்குத் தோன்றலாம். பொருள் இடைவெளி அங்கே மிகுதி.

வேர் பற்றிய முடிவு எப்படியானாலும், உடன்பிறந்த சொற்களின் சாட்சி தெளிவாக உள்ளது. 'மெல்ல' என்பது மென்மையிலிருந்து வந்தது. 'மெதுவாக' என்பதும் அப்படியே. மெது என்றால் மிருது. தேநீர்க்கடைத் தட்டில் கிடக்கும் மெதுவடை வேகக் குறைவான வடை அல்லவே. தமிழ் தன் சொந்த அடிகளிலிருந்து ஆக்கிக்கொண்ட இந்த மூன்று சொற்களும் மென்மையில் தொடங்கி வேகக் குறைவுக்கு வந்திருக்கின்றன. வேகக் குறைவையே நேராகக் குறிக்கும் மந்தம், தாமதம் ஆகியவை வடமொழி வழி வந்தவை. அவற்றில் ஆங்கிலச் சொல்லில் உள்ளதுபோல ஒரு குற்றத்தொனியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மென்மையிலிருந்து வேகக் குறைவுக்கு நகர்வது தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு மொழியில் 'தூஸ்மான்' என்னும் வினையடை இனிமை, மென்மை குறித்த பெயரடையிலிருந்து பிறந்து இன்று மென்மையாக, ஓசையின்றி, மெதுவாக என்ற மூன்று பொருளிலும் வழங்குகிறது. இத்தாலிய மொழியின் 'பியானோ' அடங்கிய ஒலியையும் நிதானமான நடையையும் ஒருசேரக் குறிக்கும். அந்த இசைக்கருவிக்குப் பெயர் வந்ததும் அடங்கிய ஒலியை எழுப்ப வல்லது என்பதால்தான். தெலுங்கின் 'மெல்லகா' என்பதும் தமிழ் 'மெல்ல' போலவே இரு பக்கமும் நிற்கிறது. அழுத்தம் குறைந்தால் வேகமும் பெரும்பாலும் குறையும் என்ற நடைமுறை அறிவே இந்த நகர்வுக்குக் காரணம். எதிர்த்திசையில், வேகக் குறைவிலிருந்து மென்மைக்கு நகர்ந்த சொற்கள் அரிது. ஆங்கிலத்தின் 'ஸ்லோலி' இன்றுவரை மென்மையைக் குறிக்கவில்லை என்பதே அதற்கு எடுத்துக்காட்டு.

இன்றைய வழக்கு

மதுரைப் பேச்சில் 'பைய' எந்த வினைகளோடு சேர்கிறது என்று பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரிகின்றன. தட்டு, தொடு, வை, இறக்கு, பேசு, சிரி போன்ற வினைகளோடு அது அழுத்தத்தையோ ஓசையையோ குறைக்கச் சொல்கிறது. 'கொழந்த தூங்குது, பையப் பேசு' என்றால் குரலைத் தாழ்த்தச் சொல்வதாகும். தாழ்ந்த குரலில் எவ்வளவு விரைவாகப் பேசினாலும் தடையில்லை. போ, வா, நட, ஓட்டு, சாப்பிடு போன்றவற்றோடு வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது. ஆறு, பழகு, குறை, சேர் போன்ற நிலைமாற்ற வினைகளோடு 'பையப் பைய' என இரட்டித்து நின்று படிப்படியாக என்ற பொருள் தருகிறது. 'பையப் பையப் பழகிரும்' என்னும்போது அளவும் காலமும் ஒன்றாகின்றன.

முதல் அடுக்கின் தனித்தன்மையை மாட்டுத்தாவணியின் பூச்சந்தை போன்ற இடங்களில் சோதித்துப் பார்க்கலாம். மல்லிகைக்குப் பொழுது முக்கியம். மொட்டு விரிவதற்குள் விற்றாக வேண்டும். கசங்கினாலும் விலை போகாது. அத்தகைய வேலையில் 'வெரசா எறக்கு' என்பதும் 'பைய எறக்கு' என்பதும் ஒரே மூட்டைக்கு ஒருசேரப் பொருந்தும். முன்னது காலத்தைப் பற்றியது, பின்னது கையைப் பற்றியது. 'பைய' வெறும் வேகக் குறைவாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உண்மையில் இந்த வழக்கில் 'பைய' என்பதற்கு எதிர்ச்சொல் 'வெரசா' அன்று. 'வெடுக்குனு', 'தடால்னு', 'பொசுக்குனு' என்று அழுத்தமும் திடீர்த்தன்மையும் குறிக்கும் சொற்கள்தான் அதற்கு எதிர்.

மலையாளத்தில் 'பய்யெ' என்னும் வடிவம் இன்றும் உயிரோடு உள்ளது. பய்யெத் தின்றால் பனையையும் தின்னலாம் என்பது அங்கே எல்லோரும் அறிந்த பழமொழி. அது வேகப் பொருளுக்கும் படிப்படியாக என்ற பொருளுக்கும் இடையே நிற்கிறது. வைகைச் சமவெளியிலும் மலைக்கு அப்பாலும் ஒரே சொல் நிலைத்திருப்பது அதன் பழமையைக் காட்டுகிறது.

மறுப்புகள்

இவ்வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு யாப்பு சார்ந்தது. ஆலவாய்ப் பதிகத்தின் முதற்பாட்டு 'செய்யனே' என்று தொடங்குகிறது. 'ஐயனே', 'பொய்யராம்' என்று எதுகை வளர்கிறது. நான்காம் அடிக்கு யகர எதுகையில் ஒரு சொல் வேண்டும். 'பையவே' அதற்காக வந்து விழுந்தது, சேக்கிழார் பக்தியால் அதில் ஐந்து காரணம் கண்டார் என்று சொல்லலாம். திருக்குறளிலும் 'பசையினள்' என்பதற்கு மோனையாகவே 'பைய' வந்தது என்று நீட்டலாம். திருப்பாவையிலும் 'பரமன்' என்பதோடு மோனை அமைகிறது. இந்த மறுப்பில் உண்மை உண்டு. அந்த இடத்தில் 'மெல்லவே' வராமல் 'பையவே' வந்ததற்கு எதுகை ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த பாட்டுகளின் நான்காம் அடி வேறு எதுகையில் செல்லும்போது இந்த அடை திரும்ப வராததும் அதற்குத் துணை நிற்கிறது. ஆனால் யாப்பு ஒரே பொருளுடைய சொற்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்கும். பொருந்தாத பொருளைப் பொருந்தச் செய்ய அதனால் முடியாது. சம்பந்தர் ஏன் அச்சொல்லைத் தேர்ந்தார் என்பதை எதுகை விளக்கலாம். அச்சொல்லுக்கு அன்று என்ன பொருள் என்பதை அது விளக்காது. சேக்கிழாரின் காரணங்கள் பக்தியால் பிறந்தவை என்றே வைத்துக்கொள்வோம். கேட்போர் ஏற்கும் சொற்பொருளின் மேல் நின்றுதானே அந்தப் பக்தியும் பேச முடியும்?

இரண்டாவது மறுப்பு எண்ணிக்கை பற்றியது. இன்றைய பேச்சில் போ, வா, ஓட்டு ஆகியவற்றோடுதான் 'பைய' மிகுதியாக வருகிறது, அதனால் வேகமே முதற்பொருள் என்று வாதிடலாம். இது இன்றைய வழக்கின் விவரணையாகச் சரி. எது முதலில் வந்தது என்பதற்கு அது விடையாகாது. மோட்டார் வண்டியும் வேகத்தடையும் பெருகிய காலத்தில் வேகம் பற்றிய ஏவல்கள் பெருகுவது இயல்பு. பழஞ்சான்றுகளில் வேகம் சற்றும் பொருந்தாத நகுதல், துயில்தல் ஆகிய வினைகளோடு சொல் வருவதை இந்த மறுப்பு தொடவில்லை.

மூன்றாவது மறுப்பு கூர்மையானது. மென்மையும் குற்றத்தொனிக்கு இறங்கும்; 'மெத்தென' என்பதிலிருந்துதான் 'மெத்தனம்' வந்தது; ஆங்கிலத்தில் சோம்பல் வேகக் குறைவானதுபோலத் தமிழில் மென்மை சோம்பலானது; ஆகவே இரு மொழிக்கும் இடையே நான் காட்டும் வேறுபாடு மிகை என்பது அது. மெத்தனம் பற்றிய செய்தியை ஏற்க வேண்டும். ஆனால் அந்த இறக்கம் நிகழ்ந்தது ஒரு பெயர்ச்சொல்லில். பெயரான பின்தான் அது ஒருவர் மேல் சுமத்தத்தக்க குணமாயிற்று. 'பைய' பெயராகவோ பெயரடையாகவோ ஆகவில்லை. அதனால்தான் அதன் மேல் பழி ஏறவில்லை என்பது என் கணிப்பு. இந்த மறுப்பு வாதத்தைத் தளர்த்துவதைவிட, வினையடையாக மட்டுமே வாழ்வதன் விளைவை எடுத்துக்காட்டுகிறது.

வட்டார முத்திரை

கடைசியாக, 'பைய' தென்மாவட்டச் சொல் என்ற பொதுக்கருத்து. இன்றைய பேச்சுப் பரப்பை வைத்துப் பார்த்தால் அது பெருமளவு சரி. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளில் கேட்கும் அளவுக்குச் சென்னையில் அது கேட்பதில்லை. ஆனால் சொல்லை எழுதியவர்களின் ஊர்களைப் பாருங்கள். சம்பந்தர் காவிரிச் சமவெளியின் சீர்காழிக்காரர். சேக்கிழார் சென்னைக்கு அருகிலுள்ள குன்றத்தூர்க்காரர். தொண்டை நாட்டுப் புலவர் தன் கேட்போருக்குப் புரியாத ஒரு பாண்டி நாட்டுச் சொல்லுக்குக் காரணம் கூறிக்கொண்டிருக்கவில்லை. எல்லோரும் அறிந்த சொல்லுக்குத்தான் காரணம் கேட்டார். ஒரு காலத்தில் தமிழ் நிலம் முழுவதற்கும் உரியதாயிருந்த சொல், வடக்கே 'மெல்ல', 'மெதுவா' பரவியபோது ஒதுங்கித் தெற்கிலும் மேற்கு மலைக்கு அப்பாலும் தங்கியது. ஒதுங்கிய இடத்தைப் பிறந்த இடம் என்று நாம் எழுதிக்கொண்டோம்.

வட்டார வழக்கு அகராதிகளின் பணி பெரியது. கி. ராஜநாராயணன் 1982இல் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இல்லாமல் பல சொற்கள் தடமின்றிப் போயிருக்கும். ஆனால் அந்த வகைப்பாட்டைப் பள்ளிகளும் பத்திரிகைகளும் எடுத்தாளும் விதம்தான் சிக்கல். வட்டாரம் என்று குறித்தவுடன் அது கட்டுரைக்கு ஆகாத சொல்லாகிவிடுகிறது. மாணவர் விடைத்தாளில் 'பையச் சென்றான்' என்று எழுதினால் 'மெதுவாகச் சென்றான்' என்று திருத்தப்படும். அதே மாணவர் அடுத்த பாடவேளையில் அதே சொல்லைக் குறளில் மனப்பாடம் செய்வார். இந்த முரணை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. இதற்குள் இளைய தலைமுறையின் பேச்சில் 'ஸ்லோவா போ' இடம்பிடித்துவிட்டது. அந்தக் கடன்சொல் வேகத்தை மட்டுமே பேசும். கதவைத் தட்டவும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தவும் அது உதவாது.

எனவே அகராதி ஆசிரியர்களுக்கும் பாடநூல் குழுவினருக்கும் வைக்கும் கோரிக்கை இரண்டு. 'பைய' என்னும் பதிவில் அழுத்தமின்றி, ஓசையின்றி என்பதை முதற்பொருளாகவும், படிப்படியாக, வேகம் குறைத்து என்பவற்றை அடுத்த பொருள்களாகவும் தர வேண்டும். சொல்லுக்கு அருகே வட்டாரக் குறியீடு இட்டே ஆக வேண்டுமென்றால், இன்றைய பேச்சு வழக்குக்கு மட்டும் அது பொருந்தும் என்பதையும், குறள், தேவாரம், திருப்பாவை, பெரிய புராணம் ஆகிய நான்கிலும் சொல் பொதுத்தமிழாக ஆளப்பட்டதையும் அதே பதிவில் குறிப்பிட வேண்டும்.